பார்க்காதவர்களுக்கான வசனம்

"கத்தியைக் கையில எடுத்தா மட்டும் போதாது சார். 'இதோ பாரு, கத்தி எடுத்துட்டேன்'னு அவ வாயால சொல்லணும்" என்றாள் சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்.

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது மின்கட்டண ரசீதில் மட்டும் மிஞ்சியிருந்தது. படப்பிடிப்புத் தளத்தில் யாராவது "வசனம் வந்தாச்சா?" என்று கத்தினால், தாள் வந்துவிட்டதா என்று கேட்பதாகவும் வைத்துக்கொள்ளலாம், ஆள் வந்துவிட்டாரா என்று கேட்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். நாளடைவில் ஆளும் தாளும் ஒன்றாகி, அவர் வசனம் ஆகிவிட்டார். இப்போது ஐம்பத்திரண்டு வயதில், தான் எழுத வந்த காலத்தில் பால்பல் விழுந்துகொண்டிருந்த ஒருத்தி தனக்குக் கத்தியைப் பற்றிப் பாடம் எடுப்பதை அவர் ஒரு மாதிரியான ருசியோடு கேட்டுக்கொண்டிருந்தார். புண்ணைச் சொறிகிற ருசி.

"ஆய்வு பண்ணிட்டோம் சார். எட்டு மணி ஸ்லாட்ல டிவி ஓடுது. ஆனா பாக்குறதில்ல. எல்லார் கையிலயும் போன். கண்ணு அதுல இருக்கு, காது மட்டும்தான் நம்ம பக்கம். அதனால இனிமே பாக்காதவங்களுக்குப் புரியற மாதிரி எழுதணும்."

"அப்போ இது ரேடியோ" என்றார் வசனம்.

"ரேடியோவுக்கு இவ்வளவு விளம்பரம் வராது சார்" என்றாள் அவள், சிரிக்காமல். சிரிக்க வேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அந்த அலுவலகத்தின் சுவரில் ஆறு தொலைக்காட்சிகள் வரிசையாக மாட்டப்பட்டு, ஆறு சேனல்களும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் யாரோ கதறி அழுதார்கள். இன்னொன்றில் யாரோ பாத்திரம் துலக்கும் சோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அவற்றுக்குக் கீழே முப்பது பேர் தலைகுனிந்து அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியை நடத்துகிறவர்களே டிவியைப் பார்க்காத இந்த இடத்திலிருந்துதான், பார்க்காதவர்களுக்கு எழுது என்று கட்டளை வருகிறது. வசனம் அதை ரசித்தார். எல்லாரையும் இளக்காரமாகப் பார்க்கக் கிடைத்த ஓர் உயரமான இடத்தில் தான் உட்கார்ந்திருப்பதாக அவர் எப்போதும் நினைத்துக்கொள்வது வழக்கம். அந்த இடத்துக்கு ஏறிவர அவர் செய்த ஒரே காரியம், தான் எழுதியதைத் தானே ஒருநாளும் பார்க்காமல் இருந்தது.

உண்மையில் அவர் டிவி பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. "துணி மடிக்கிற கூட்டம்" என்பார். எருமை மேல் மழை பெய்கிற மாதிரி, எதைப் பெய்தாலும் வாங்கிக்கொண்டு நிற்கும் கூட்டம். மூன்று நாள் தூங்கிவிட்டு நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தாலும் கதை விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும், அதுதான் தொழில் சூட்சுமம் என்று புதிதாக வருகிற இயக்குநர்களிடம் சொல்வார். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்குள் ஆறு காட்சி. இடது கையால் எழுதுகிற எழுத்து அது. வலது கையை அவர் வேறொன்றுக்காக வைத்திருந்தார். என்றைக்காவது ஒரு நாவல் எழுதுவார். அதில் ஒரு சொல்கூட மிகையாக இருக்காது. அந்த நாவலுக்கு அவர் மனதில் முப்பது வருடமாக ஒரு காட்சி தயாராக இருந்தது. அது பின்னால் வரும்.

துணி மடிக்கிற கூட்டத்தில் அவருடைய அக்காவும் ஒருத்தி. அவரைவிடப் பத்து வயது மூத்தவள்; தபால் நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அவருடைய முதல் தொடர் ஒளிபரப்பான நாளிலிருந்து, இரவுச் சமையலுக்கு முன்னால், எட்டரை மணிக்கு அவளிடமிருந்து போன் வந்துவிடும். "இன்னிக்கு நல்லா இருந்துதுடா. அந்த வக்கீல் பேசினது ரொம்பப் பிடிச்சுது" என்பாள். அல்லது, "அந்தப் பொண்ணு அப்படிச் சட்டுனு மன்னிச்சிருக்க வேண்டாம்." இரண்டு நிமிடம்தான். வசனம் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு நகம் வெட்டுவார். "ம்" என்பார். "பாக்கலாம்" என்பார். அவள் வைத்ததும் மனைவியைப் பார்த்து, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பார். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக வேலை பார்க்கும் அவருடைய மனைவி, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மடிக்கணினியில் வெளிநாட்டுத் தொடர் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் சொன்னது அவளுக்கு விழுந்திருக்காது. அவருடைய தொடரை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்காக அவர் அவளை மதித்தார்.

கத்திப் பாடம் நடந்த மறுவாரத்தில்தான் அக்காவின் போன் நின்றது.

முதல் நாள் அவர் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் எட்டரைக்கு நகவெட்டியைக் கையில் எடுத்துவிட்டு, எதற்காக எடுத்தோம் என்று யோசித்தார். நாலாம் நாள் விட்டது தொல்லை என்று நிம்மதிப்பட்டார். ஏழாம் நாள், போன் சார்ஜில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தார். அவர் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடத்தில் அவராகக் கூப்பிட்டது அவளுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஒரு தடவை. அதுவும் மனைவி நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்ததால். கூப்பிட்டு என்ன கேட்பது? 'ஏன் நீ என் தொடரைப் பற்றிப் பேசவில்லை' என்றா? அவரே மலம் மாதிரி ஒதுக்குகிற ஒன்றைப் பற்றி, ஏன் பாராட்டவில்லை என்று அவரே போய்க் கேட்பதா?

பதினோராம் நாள் காலை, ஷேவிங் செய்துகொண்டிருக்கும்போது, அவருக்கு விஷயம் பிடிபட்டது. கை அப்படியே நின்றது. அறுநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடு ஒளிபரப்பானது எந்தக் கிழமை? விரல்விட்டு எண்ணினார். அது வந்த அன்றிரவிலிருந்துதான் போன் இல்லை.

முப்பது வருடத்துக்கு முன் அக்காவின் கணவர் வீட்டைவிட்டுப் போனார். வேறொரு ஊரில் வேறொரு வீடு இருந்தது அவருக்கு. மூன்று வருடம் ஒரு கடிதம் இல்லை. அக்கா தினமும் மூட்டை மூட்டையாக ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்திவிட்டு வந்தாள். வசனத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது; வேலை தேடிக்கொண்டு அக்கா வீட்டில் தங்கியிருந்தார். ஒருநாள் காலை பதினோரு மணிவாக்கில் கதவு தட்டும் சத்தம். அன்று விடுப்பில் இருந்த அக்கா திறந்தாள். வெளியே அத்தான் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். தாடி, கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல். சாப்பாட்டு மேஜையில் ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த தம்பி, அக்கா என்ன செய்யப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவள் கத்தவில்லை, அழவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு பக்கம் ஒதுங்கி வழிவிட்டு, "பிள்ளை தூங்குது. சத்தம் போடாம வாங்க" என்றாள்.

அவ்வளவுதான் காட்சி. தம்பிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, பொழுது சாயும்வரை நடந்தார். தான் எழுத்தாளன் ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார். மூன்று வருட அவமானத்தையும் ஒரு தாயின் பெருந்தன்மையையும் இத்தனை சிறிய வாக்கியத்தில் வைக்கத் தெரிந்த ஒருத்தியோடு பிறந்தவன் நான் என்று பெருமைப்பட்டார். அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லவில்லை. நாவலின் கடைசி வரியாக அது இருக்கும் என்று உள்ளே பூட்டிவைத்தார்.

பூட்டிவைத்ததை அறுநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடுக்குத் தூக்கிக் கொடுத்தார். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அன்று தலை காலியாக இருந்தது. கதாநாயகியின் புருஷன் திரும்பி வருகிறான். தளத்தில் நாற்பது பேர் தாளுக்காகக் காத்திருக்கிறார்கள். தளத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு போன். கை தானாக எழுதிவிட்டது என்று பின்னால் அவர் சொல்லிக்கொண்டார். அது பொய். என்ன எழுதுகிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. வேறு ஏதாவது யோசிக்கச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை அந்தக் காட்சியை அவர் சேனல் அலுவலகத்தில் சத்தத்தோடு பார்க்க நேர்ந்தது. கதவு திறந்ததும் இடி இடித்தது. கதாநாயகியின் முகம் மூன்று தடவை அருகில் வந்தது. கண்ணில் மை கரையாத அழுகை. பிறகு, நிகழ்ச்சிப் பொறுப்பாளரின் புதிய விதிப்படி, அந்தப் பெண் சொன்னாள்: "மூணு வருஷம் என்னைத் தவிக்க விட்டுட்டு, இன்னிக்குப் பெட்டியோட வாசல்ல வந்து நிக்கிற என் புருஷனே! உள்ளே பிள்ளை தூங்குது. சத்தம் போடாம வாங்க." தூங்குகிற பிள்ளை எழுந்து தெருமுனைவரை ஓடிவிடக்கூடிய சத்தத்தில் சொன்னாள்.

இதை அக்கா பார்த்திருக்கிறாள். பதினெட்டு வருடம் ஒருநாள் விடாமல் பார்த்தவள் இதையும் பார்த்திருக்கிறாள். பக்கத்திலேயே அத்தானும் இருந்திருப்பார். மகனும் மருமகளும் இருந்திருப்பார்கள். வசனம் ரேசரைக் கீழே வைத்தார். பாதி முகத்தில் நுரையோடு கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை; மத்தியானமே பேருந்தில் ஏறினார். போகும் வழியெல்லாம் மன்னிப்பை எழுதிப் பார்த்தார். 'அக்கா, என்னை மன்னிச்சிடு' என்று ஆரம்பித்தது முதல் பிரதி. மெகா தொடர் நாற்றம் அடித்தது, கிழித்துப்போட்டார். 'உன் வாழ்க்கையை வித்துட்டேன்' என்பது இரண்டாவது. அதில் பின்னணி இசைகூடக் கேட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் போனில் எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை விரலால் தள்ளினாள். ஒரு நாய் நீந்தியது, தள்ளினாள். ஒருவன் சுவருக்கு வெள்ளையடித்தான், தள்ளினாள். ஒரு குழந்தை கீழே விழுந்தது; அது எழுந்ததா என்று தெரிவதற்குள் தள்ளினாள். அந்த முகத்தில் ஆர்வமும் இல்லை, சலிப்பும் இல்லை. எச்சில் தொட்டு நோட்டு எண்ணுகிறவன் முகம்கூட இதைவிட உயிரோடு இருக்கும் என்று நினைத்தார். இவர்களுக்கு எழுதியா என் அக்காவை இழந்தேன் என்று தோன்றியபோது, கண் லேசாகக் கலங்கியது. அந்தக் கலங்கலை அவர் கொஞ்சம் நேசிக்கவும் செய்தார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அக்காவின் மூக்குக்கண்ணாடி உச்சந்தலையில் இருந்தது. தோளில் நூல் பிசிறுகள்.

"என்னடா, சொல்லாம கொள்ளாம?" என்றாள். "வா வா. பையன் பொண்டாட்டியோட வெளியில போயிருக்கான். அத்தான் உள்ளேதான்."

கூடத்தில் தரை முழுக்கப் பழைய படுக்கை விரிப்புகள். கிழித்துத் துடைக்கும் துணியாக ஆக்கிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து 'டர்ர்' என்று நேராக ஒரு கிழி. வசனம் சோபாவில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில், மகன் மூன்று வருடத்துக்கு முன் வாங்கி மாட்டிய அகலமான டிவி. அதன் வலது மூலையில் ஹேங்கரோடு ஒரு சட்டை தொங்கியது. கீழே இருந்த பிளக்கில் டிவியின் ஒயர் இல்லை. அந்த இடத்தில் மூன்று போன் சார்ஜர்கள் செருகியிருந்தன. டிவியின் ஒயர் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, கறிவேப்பிலைக் கொத்து மாதிரி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் அவர் பார்த்தார். ஆனால் அவர் மனதில் மன்னிப்பின் நாலாவது பிரதி ஓடிக்கொண்டிருந்ததால், பார்த்தது புத்திக்கு எட்டவில்லை.

தேநீர் வந்தது. பாதிக் கோப்பை குடித்தார்.

"கோவமா அக்கா?"

"எதுக்கு?"

"அந்த சீனுக்கு. நான் அதை எழுதியிருக்கக் கூடாது. அது உன்னுடையது. யாரையும் கேக்காம எடுத்துட்டேன்."

"எந்த சீன்?"

அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரைப் பார்த்தாள். தப்பான படிவத்தை முழுக்க நிரப்பிக்கொண்டு வந்து கவுண்டரில் நீட்டுகிறவரை முப்பத்தைந்து வருடம் பார்த்த பார்வை அது. கோபம் இல்லாதது; கோபப்பட்டுக் கட்டுப்படியாகாது என்று கற்றுக்கொண்டது.

"போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்துதே. புருஷன் திரும்பி வர்ற சீன்."

"திரும்பி வந்துட்டானா அவன்?" என்றாள் அக்கா. 'டர்ர்' என்று ஒரு கிழி. "நான் பாக்கலடா."

"அன்னிக்கு மட்டும் பாக்கலையா?"

அவள் கிழித்த துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். அடுத்த விரிப்பை எடுத்து ஓரத்தைத் தேடினாள். பொய் சொல்லலாமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. வேண்டாம் என்று விட்டதும் தெரிந்தது.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன வருஷம் மழை ஆரம்பிச்சப்பவே விட்டுட்டேன்."

"தினமும் போன் பண்ணியே."

"சாயங்காலம் போன்ல உங்க ப்ரோமோ வரும். அரை நிமிஷம். எல்லாம் அதுலயே வந்துடும்டா. அதைப் பாத்துட்டு, நல்லதா ஒண்ணு எடுத்து உன்கிட்ட சொல்லிடுவேன். நீயும் தனியா உக்காந்து எழுதிட்டு இருப்பே, யாராவது ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும்ல."

வசனம் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த இடத்தில் கத்தரி இருந்தது. கோப்பை சரிந்து கொஞ்சம் சிந்தியது. அக்கா கைக்கு எட்டிய புதுத் துடைப்புத் துணியால் அதைத் துடைத்தாள்.

"அப்புறம் ஏன் நிறுத்தினே? பதினொரு நாளா போன் இல்ல."

"போன் மாத்திக் கொடுத்தான் என் பையன். புதுசுல அந்த ப்ரோமோ தானா வர மாட்டேங்குது. தேடித்தான் பாக்கணும்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "தேடலாம்தான். சோம்பலா இருந்துது."

அவர் இதற்குத் தயாராக வந்திருக்கவில்லை. அழுகைக்குத் தயாராக வந்திருந்தார், 'இனிமே என் மூஞ்சியில முழிக்காதே' என்பதற்கும் தயாராக வந்திருந்தார். சோம்பல் என்கிற சொல்லுக்கு எதிர்வசனம் அவரிடம் இல்லை. தான் மண்டியிட வந்த இடத்தில் குற்றமே இல்லை என்று தெரிந்தபோது அவருக்கு ஆறுதல் அல்லவா வந்திருக்க வேண்டும்? வந்தது எரிச்சல். இந்தப் பெண்பிள்ளை, இந்தத் துணி கிழிக்கிற பெண்பிள்ளை, என் தொடரைப் பார்க்காமல் இருக்க என்ன தகுதி இவளுக்கு?

"அப்படி என்ன பிடிக்காமப் போச்சு? கதையா?"

"கதை எப்போடா பிடிச்சுது?" என்றாள் அக்கா, இயல்பாக. "உன் மனசு நோகச் சொல்லல. நாங்க நாலு பேரும் வரிசையா இந்த சோபால உக்காந்து திட்டிக்கிட்டேதானே பாப்போம். ஒரு அம்மா படுக்கையில விழுந்து நாலு மாசம் சாகாம கிடந்தாங்களே, அப்ப அத்தான் தினமும் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி 'இன்னிக்காவது போய்ட்டாளா'ன்னு கேப்பாரு. பையன் எல்லா வசனத்தையும் முன்னாடியே சொல்வான். எழுபது சதவீதம் சரியா இருக்கும். என் மருமக கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பா. நல்லா இருக்கும் அது. அந்த அரை மணி நேரம்தான் நாலு பேரும் ஒண்ணா உக்காருவோம்."

"திட்டவா பாத்தீங்க?"

"உன்னை இல்லடா. அந்தக் கதையை."

"அதை எழுதினவன் நான்தான் அக்கா."

"தெரியும். அதான் போன்ல நல்லதாச் சொல்வேன்."

'டர்ர்.' அவள் பேச்சோடு பேச்சாகக் கிழித்துக்கொண்டே போனாள். முதலில் மருமகள் போனோடு அறைக்குள் போனாளாம். அப்புறம் மகன். அத்தான் கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஆனால் காதில் மாட்டிக்கொண்டு. "ஒருநாள் பாக்குறேன், நான் மட்டும் உக்காந்திருக்கேன். திட்டலாம்னு வாயைத் திறந்தா பக்கத்துல ஆள் இல்ல. திட்டாம அதைப் பாக்க முடியாதுடா. சீரியஸாப் பாத்தா தலை வலிக்குது. எழுந்து போய் அணைச்சேன். மறுநாள் போடணும்னு தோணல. சண்டை, சபதம் ஒண்ணும் இல்ல. சக்கரை இல்லாம குடிச்சுப் பழகினா மாதிரி, அவ்வளவுதான்."

பதினெட்டு வருடம் உயரத்தில் உட்கார்ந்து கீழே எச்சில் துப்பிக்கொண்டிருந்தவனுக்கு, கீழே இருந்தவர்கள் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று தெரியவரும்போது எப்படி இருக்கும்? எருமைகள் மழையைப் பற்றித் தங்களுக்குள் கேலி பேசியிருக்கின்றன. வசனத்துக்குக் காது மடல் சூடானது. எப்படியாவது இவளைக் கொஞ்சம் காயப்படுத்த வேண்டும் என்ற சின்னத்தனமான ஆசை வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவர், குற்றத்தை ஒப்புவித்துத்தான் தீருவது என்று பிடிவாதமாக ஆரம்பித்தார்.

"அத்தான் திரும்பி வந்த அன்னிக்கு நீ கதவைத் திறந்து ஒண்ணு சொன்னே. அதைத்தான் அப்படியே சீன்ல வச்சேன்."

கிழிக்கும் சத்தம் நின்றது. அக்கா மூடியிருந்த உள் அறைக் கதவைப் பார்த்தாள்.

"கேக்காது. காதுல மாட்டியிருக்கார்" என்றாள், அவருக்கா தனக்கா என்று தெரியாத குரலில். "என்ன சொன்னேன்?"

அவர் சொன்னார். கதவு தட்டிய சத்தத்திலிருந்து ஆரம்பித்து, பெட்டி, தாடி, கண்ணாடியின் கீறல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் மாறியது. இடியும் இசையும் இல்லாமல், ஒரு சொல் மிகையாக இல்லாமல், முப்பது வருடம் மனதில் வைத்துத் தேய்த்த காட்சியை ஒரே ஒருத்திக்கு முன்னால் வைத்தார். அவள் கை அசையவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். யாரும் எதையும் இப்படி முழுதாகப் பார்ப்பதை அவர் கண்டு பல வருடம் ஆகியிருந்தது. உள் அறையில் பிள்ளை நீலப் போர்வைக்குள் சுருண்டு தூங்கியதையும், மின்விசிறிக் காற்றில் போர்வையின் ஓரம் அசைந்ததையும் சொல்லி, "பிள்ளை தூங்குது. சத்தம் போடாம வாங்க" என்று முடித்தார்.

அக்கா மடியிலிருந்த துணியின் நூல் ஒன்றை இழுத்து எடுத்தாள்.

"பிள்ளை எங்கேடா தூங்கினான்?" என்றாள் பிறகு. "அன்னிக்கு செவ்வாய்க்கிழமை. அவன் பள்ளிக்கூடத்துல இருந்தான்."

"இல்லக்கா. நான் பாத்தேன். நீலப் போர்வை..."

"நீதானே அவனைக் காலையில கொண்டு போய் விட்டுட்டு வந்தே."

வசனம் ஞாபகத்தில் அந்த அறைக்குள் போய்ப் பார்த்தார். போர்வை இருந்தது, விசிறி இருந்தது. போர்வையை விலக்கிப் பார்க்க அவருக்கு முப்பது வருடத்தில் ஒருதடவைகூடத் தோன்றியிருக்கவில்லை. மெல்ல, வேறெங்கிருந்தோ, தன் கையைப் பிடித்திருந்த ஒரு சின்னக் கை வந்தது. நடக்க நடக்கத் தொடையில் இடித்த தண்ணீர் பாட்டில் வந்தது. பள்ளி வாசலில் அவன் திரும்பிப் பார்த்தானா இல்லையா? அது வரவில்லை.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது?" அக்கா விரிப்பின் ஓரத்தை விரலால் நீவினாள். "அவர் வாயைத் திறக்கப் பாத்தார். திறந்தா ஏதாவது சொல்வார். மன்னிச்சுக்கோன்னுவார், இல்ல நியாயம் பேசுவார். எதுவா இருந்தாலும் நான் நின்னு கேக்கணும். கேட்டா உடனே ஒரு பதில் சொல்லணும். எனக்குத் தெம்பு இல்லடா. சாயங்காலம் வரைக்கும் அவர் வாயை அடைக்க ஒண்ணு வேணும். அது வாயில வந்துது, சொன்னேன்."

"அவருக்குத் தெரியாதா?"

"நாலு மணி வரைக்கும் பூனை மாதிரி நடந்தார். தண்ணி குடிச்ச டம்ளரைக்கூடச் சத்தம் இல்லாம வச்சார். மூடியிருந்த கதவைத் திறந்து பாக்கல. பிள்ளைய எழுப்பிடுவோமோன்னு பயம். நாலேகாலுக்கு அவன் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னான்." அக்கா இப்போது லேசாகச் சிரித்தாள். "அத்தான் அவனைப் பாத்தார். என்னைப் பாத்தார். மூடியிருந்த அந்த ரூம் கதவைப் பாத்தார். ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே பெட்டியை எடுத்துக் கையில கொடுத்திருப்பேன்."

நாலேகாலுக்கு அவர் எங்கே இருந்தார்? தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார். அக்காவின் பெருந்தன்மையை நினைத்து உருகி, மனதுக்குள் முதல் வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. வந்ததும், 'அக்கா நீ தெய்வம்'னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துட்டே."

அவர் ஆறிப்போன தேநீரைக் குடிக்க எடுத்தார். அதற்குள் உள் அறைக் கதவு திறந்தது. அத்தான் வந்தார். எழுபதைத் தொட்ட உடம்பு, தொளதொளத்த பனியன், ஒரு காதில் மாட்டியது மாட்டியபடி இருக்க, இன்னொன்று மார்பில் ஊசலாடியது. முகமெல்லாம் சிரிப்பு. மைத்துனனைப் பார்த்து, "எப்ப வந்தே?" என்றார், பதிலுக்கு நிற்கவில்லை. நேராக மனைவியிடம் போய், குனிந்து, போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதைப் பாரேன். இதைக் கொஞ்சம் பாரு."

ஏதோ ஒரு பிராணியோ குழந்தையோ செய்யும் சேட்டை. திரையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. வசனம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரையின் ஓரம் தெரிந்தது. அத்தானின் தடித்த கட்டைவிரல் அதில் பாதிக்கு மேல் மறைத்துக்கொண்டிருந்தது. விரலுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் புல்லும், அசைகிற ஏதோ ஒன்றின் காலும் மட்டும் தெரிந்தன. அத்தான் திரையைப் பார்க்கவில்லை. அவள் எப்போது சிரிக்கப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

விரலைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை. பாதி கிழித்த துணியை மடியில் வைத்தபடி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த விரலை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.